எட்டுப் பேருக்கு ஒரு கட்டைவிரல்

போன வாரம் ரேஷன் கடையில் அந்த மிஷின் என் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை. கட்டைவிரலை வைத்தேன், சிவப்பு விளக்கு. சீலையில் துடைத்துவிட்டு வைத்தேன், மறுபடியும் சிவப்பு. தலையில் ஒரு தேய் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைத்தால் விழும் என்று பின்னால் நின்றவள் யோசனை சொன்னாள். அதற்கும் சிவப்புதான். கடையில் இருக்கிற பெண் நல்ல பெண். "ஆயா, உங்களுக்கு ரேகையே இல்லீங்க, மழுமழுன்னு கெடக்குது. செத்த அப்படி ஒக்காருங்க, கூட்டம் போவட்டும்" என்றாள்.

உனக்கு ரேகை இல்லை என்று ஒருத்தர் என்னிடம் சொல்வது இது முதல் தடவை இல்லை.

உட்கார்ந்த இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பசைகூடக் காயவில்லை. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பஸ் போர்டும் சுவர் போஸ்டரும்தான் என் புத்தகம். ஆனால் இதற்குக் கூட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. படத்தைப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அதே நெற்றி, அதே தடிச் சட்டம் போட்ட கண்ணாடி. வக்கீல். கீழே, 'தோல்வியே காணாதவர், வாய்மையே வாழ்வாகக் கொண்டவர்' என்று போட்டிருந்தார்கள். தோல்வி காணாதவர் என்பது சரி, அவர் ஜெயித்ததில் ஒன்று என் கேஸு. வாய்மை என்கிறதை மட்டும் மூன்று தரம் கூட்டிப் படித்தேன், நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று. தப்பில்லை. அப்படித்தான் போட்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ரேஷன் பை கசங்கிப் போயிற்று. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபத்தில் பிழை கிடையாது.

எண்பதுகளில் நல்லம்பள்ளிப் பக்கம் பட்டு நூல் எடுக்கிற பேக்டரி ஒன்று இருந்தது. வாசலுக்கு ஒரு பர்லாங்கு முன்னாலேயே நாற்றம் வந்து வரவேற்கும். பட்டுக்கூட்டைக் கொதிதண்ணீரில் போட்டு அவிப்பார்கள், உள்ளே இருக்கிற புழுவும் சேர்ந்துதானே அவிகிறது. அந்த நாற்றம் தலைமயிரில் ஏறினால் சீயக்காய்க்கெல்லாம் போகாது. என் வூட்டுக்காரர், "நீ வர்றது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிரும், காத்து சொல்லிரும்" என்பார். கல்யாணச் சீலையைத் தடவிப் பார்த்து மெத்தென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு அந்தப் புழு வாடைதான் மூக்கில் அடிக்கும்.

வேலை இதுதான். முன்னால் ஒரு பேசின், அதில் கை பொறுக்காத சுடுதண்ணீர், அதில் மிதக்கிற கூடுகள். விரலை விட்டுத் துழாவி ஒவ்வொரு கூட்டிலும் நூலின் நுனியைப் பிடிக்க வேண்டும். காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் கை தண்ணீரில்தான். முதல் மாதம் விரல் வெள்ளையாக ஊறிப்போகும், அப்புறம் தோல் உரியும், அப்புறம் உரிவதும் நின்றுபோகும். எங்கள் வரிசையில் பேசினில் ஏழு பேர். எட்டாவது ஆள் லூர்து. அவள் எங்களுக்குப் பின்னால் மேடையில் உட்கார்ந்து நல்ல கூடு, சொத்தைக் கூடு என்று தரம் பிரிப்பாள். கடத்தூர்ப் பக்கத்து வேதக்காரப் பெண், என்னைவிட நாலு வயசு சின்னவள், வாய் மட்டும் நாப்பது வயசு பெரிசு. அவளுக்கு மட்டும் கை காய்ந்தே இருக்கும். "மகாராணி கையி" என்று கேலி பண்ணுவோம். "மகாராணின்னா புழு நாத்தம் அடிக்குமாடி?" என்று திருப்பிக் கேட்பாள்.

அந்தக் காய்ந்த கைதான் கதையே.

மேஸ்திரி கன்னடக்காரர், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். தினமும் காலையில் வேலை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆஜர் நோட்டை எடுத்துக்கொண்டு வருவார். அதற்குள் எங்கள் கையெல்லாம் கூட்டுப் பிசினும் தண்ணீருமாக இருக்கும். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மையைத் தொட்டு விரலை வைத்ததும் பக்கம் முழுக்க ஊறிப் பரவிவிட்டது. "அய்யய்யோ, புக்கு ஹாளாயித்து!" என்று கத்தினார், நோட்டு பாழாய்ப் போயிற்றாம். அன்றிலிருந்து ஏற்பாடு மாறிவிட்டது. "லூர்தம்மா, உன் கை ஒணந்திருக்குது. நீயே எல்லாத்துக்கும் வெச்சிடு" என்றார். அவளும் எட்டுப் பேருக்கு நேராக எட்டுத் தரம் கட்டைவிரலை ஒற்றுவாள். எங்களில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ஒருத்தி குடத்தை இன்னொருத்தி தூக்கிவிடுவதில்லையா, அது மாதிரி. நாலு வருசம் இப்படியே நடந்தது.

ஒரு நாள் பக்கத்தில் கூடு அவிக்கிற கொப்பரை சாய்ந்து, எங்கள் பேசின் வரிசை மாதம்மாவுக்குக் கை இரண்டும் முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. மேஸ்திரி அவளை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் கையை வெளியே எடுத்தோம். அவ்வளவுதான் செய்தோம். மாதம்மாவுக்குக் கை ஆறுகிற வரைக்கும் அவள் இடத்தை வைத்திருக்க வேண்டும், அதைச் சொன்னால் கையை உள்ளே விடுகிறோம் என்றோம். மத்தியானத்துக்குள் கூடு அவிந்து குழம்பாகப் போயிற்று. மறுநாள் காலையில் எங்கள் எட்டுப் பேருக்கும் பேக்டரி கேட் திறக்கவில்லை. முதலாளி சொன்னது என்ன தெரியுமா? இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, எப்போதாவது வந்துபோகிற கூலிகள்.

கேஸு சேலத்தில், லேபர் கோர்ட்டில். எங்களுக்காகச் சங்கத்துக்காரர் ஒருத்தர் வந்தார், நல்ல மனுசர், காகிதம்தான் அவர் கையில் நிற்காது. முதலாளிக்கு வந்தவர்தான் போஸ்டரில் இருக்கிறவர். அந்தக் காலத்தில் நம்ம ஜில்லாவில் எந்த முதலாளிக்கு ஆட்களோடு தகராறு வந்தாலும் அவரிடம்தான் ஓடுவார்கள். கல் குவாரி, எண்ணெய் மில்லு, பஸ் கம்பெனி, எல்லாம் அவரே. ஒரு தரமாவது வேலை செய்கிறவன் பக்கம் நின்றதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் அப்பா மில்லில் மூட்டை தூக்கியவர் என்று ஊரில் ஒரு பேச்சு. நிசமோ பொய்யோ, எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன், நான் வக்கீல் இல்லை.

அவர் அதட்டுவார் என்று நினைத்து மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். அவரோ, "அம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று ஆரம்பித்தார்.

"எத்தன வருசம் வேல பாத்தீங்க?"

"நாலு வருசமுங்க."

"தெனமும் போவீங்களா?"

"போவனுங்க. மக பொறந்தப்பதான் ஒரு மாசம் நின்னுட்டேன்."

"நல்லதும்மா. ஆஜர் நோட்டுல தெனமும் நீங்க கை வெச்சீங்களா?"

இங்கேதான் நான் கெட்டேன். லூர்து வைத்தாள் என்று சொன்னால் நான் வேலைக்கே போகவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். அதோடு, அவள் வைத்தாலும் நான் வைத்ததுதானே என்றும் நிசமாகவே தோன்றியது. "வெச்சனுங்க" என்றேன், நிமிர்ந்து நின்று.

அவர் நோட்டை எடுத்தார். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். ரேகை பார்க்கிறவர் மெட்ராஸிலிருந்து எழுதிக்கொடுத்த காகிதத்தை எடுத்தார். எட்டுப் பேருக்கு நேராகவும் ஒரே விரல். அப்புறம் என் கட்டைவிரலை மையில் தொட்டு அங்கேயே ஒரு தாளில் வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை, கறுப்பாக ஒரு பொட்டு. அவர் அதை நீதிபதியிடம் காட்டி, மெதுவாக, மரியாதையாக, "சாட்சி பொய் சொல்றாங்க ஐயா. இந்த நோட்டுப்படி அங்க வேல பாத்தது ஒரே ஒரு பொம்பளதான்" என்றார்.

என்னைப் பொய்க்காரி என்று எழுதிக்கொண்டார்கள். எந்த வேலையில் என் ரேகை போனதோ, அந்த வேலையே நான் செய்யவில்லை என்பதற்கு அந்த விரலே சாட்சி. இதைவிட அநியாயம் ஒன்று இருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அப்புறம் லூர்துவைக் கூப்பிட்டார்கள். ரேகை அவளுடையதுதானா என்றார் வக்கீல். "ஆமாங்க" என்றாள். மேஸ்திரி வைக்கச் சொன்னார் என்றும் சொன்னாள். மேஸ்திரி முன்னமே கோர்ட்டுக்கு வந்து, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாமி பேரில் சத்தியம் பண்ணிவிட்டுப் போயிருந்தார்.

"அப்ப வேல பாத்தது நீங்க ஒருத்தர்தான்னு ஒத்துக்கிறீங்களா?"

"ஏழு பேசின்லயும் நானே கைய வுட்டுக்கிட்டு, பின்னாடி மேடையில கூடும் நானே பிரிச்சனுங்களா? எனக்கு எத்தன கையின்னு எண்ணிப் பாருங்க சாமி, உங்ககிட்டதான் கண்ணாடி இருக்குதே!"

நீதிபதியே சிரித்துவிட்டார். வக்கீலும் சிரித்தார். சிரித்தாரே ஒழிய, அது ஒன்றும் காகிதத்தில் ஏறவில்லை.

அன்றைக்குத் திரும்புகிறபோது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முதலாளியின் கார் புகை விட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறது. வக்கீல் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு எங்கள் பஸ்ஸைக் கைகாட்டி ஏறினார். இருந்த ஒரே இடம் என் பக்கத்தில். லூர்து முன் சீட்டிலிருந்து திரும்பி, "நவுந்து ஒக்காரு அக்கா, ஐயாவுக்கு எடம் குடு. நாம இல்லாத பொம்பளைங்கதானே, எடம் நெறையவே இருக்கும்" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "கோவமாம்மா?" என்றார். "அது என் தொழிலு. நோட்ட எல்லாரும் பாத்தாங்க, நான் ஒருத்தன்தான் படிச்சேன்."

நான் கேட்டேன். நாலு வருசம் மேஸ்திரியிடம் வாய் திறக்காதவள், அன்றைக்குக் கேட்டேன். "மேஸ்திரி சொல்லித்தான் வெச்சோம்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"தெரியும்மா. மொதலாளியே சொன்னாரு" என்றார், ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்குப் போகும் என்று சொல்கிற மாதிரி. "ஆனா அது நோட்டுல இல்லையே."

எழுந்து நின்றேன். மீதி ஏற்றம் முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. அவர் அதில் பையை வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு வர இரண்டு வருசம் ஆயிற்று. ரேகை இருக்கிறபடியால் லூர்துவுக்கு மட்டும் வேலை, மற்ற ஏழு பேருக்கும் இல்லை. அவள் அன்றைக்குச் சாயங்காலம் அதியமான்கோட்டையில் என் வூட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் புருசன் கல்லுடைக்கப் போன இடத்தில் இடுப்பு விழுந்து படுத்திருந்த சமயம், மூன்று பிள்ளைகள்.

"அக்கா, நான் போவட்டுமா?"

போடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வீம்பு. "உன் வெரலு, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முறத்தை எடுத்துக்கொண்டேன், புடைக்க ஒன்றும் இல்லாமலே. அந்த வக்கீல் மேல் வந்த கோபத்தை ஒரு நாளும் அவர் முகத்துக்கு நேராகக் காட்ட முடியாதவள், அதை லூர்து மேல் காட்டினேன். அவள் வேலைக்குப் போனாள். நான் ஒரு வருசத்துக்கு மேல் அவளோடு பேசவில்லை.

அந்த ஒரு வருசத்தில் நான் செய்த உருப்படியான காரியம், மகளுடைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டவும் என் பேரை எழுதவும் பழகியது. இனிமேல் இந்த விரலை எவன் மையிலும் தொட மாட்டேன் என்று ஒரு வைராக்கியம்.

பேக்டரியை மூடிய பிறகு சந்தையில் லூர்துதான் முதலில் பேசினாள். தீர்ப்புக்கு அப்புறம் முதல் நாள் வேலைக்குப் போனதைச் சொன்னாள். மேஸ்திரி நோட்டை நீட்டினாராம். தன் பேருக்கு நேராக விரலை வைத்தாளாம். "அப்பறம் கை தானா அடுத்த கோட்டுக்குப் போயிருச்சு அக்கா. உம் பேரு இருந்த எடம். அங்க ஒண்ணுமே எழுதல, வெறுங்கோடு. அந்தாளு என் கையப் புடிச்சு இழுத்துட்டாரு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் தக்காளியை வாங்காமலே வந்துவிட்டேன்.

ரேஷன் கடையில் கூட்டம் போனதும் அந்தப் பெண் ஒரு நோட்டை நீட்டி, "கையெழுத்துப் போடுவீங்களா ஆயா?" என்றாள். போடுவேன் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. முழுப் பேரையும் போட்டேன். போஸ்டரில் இருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கட்டும்.

பேக்டரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். நாற்றம் போய்ப் பன்னீர் வாசனை வருகிறது. மாதம்மா இல்லை. லூர்து போய் இந்தத் தை வந்தால் மூன்று வருசம். என் விரலில் இருந்த ரேகை போனது போனதுதான், திரும்பி முளைக்கவில்லை. அந்த ஆஜர் நோட்டு சேலத்தில் எந்த ரூமில் கரையான் தின்று கிடக்கிறதோ, இல்லை எடைக்கே போட்டுவிட்டார்களோ. நான் நாலு வருசம் வேலை பார்த்தேன் என்று இந்த உலகத்தில் சொல்வதற்கு இருந்தது அது ஒன்றுதான். என் பேருக்கு நேராக அதில் இருந்தது லூர்து விரல். அது பொய்க் கையில்லை. அந்த வக்கீலுக்கும் அது தெரியும்.