இரண்டு கணினிகளும் சொன்ன ஒரே பொய்

பத்து ஆண்டுகளுக்கு முன், திருக்கழுக்குன்றம் அருகே ஒரு கல்லூரியின் கணினி வலையமைப்பை நான் கவனித்துவந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். பழைய புத்தகங்களைப் புரட்டியே இத்தொழிலைக் கற்றவன். விடுதி, நூலகம், ஆய்வகம் என எழுநூறு கணினிகளுக்கு இருந்ததோ ஒரே இணைய இணைப்பு. மாலையானால் அது ஊர்ந்துதான் செல்லும்.

ஆகவே, நடுவில் ஒரு சர்வரை அமைத்தேன். ஒருவர் திறந்த பக்கத்தின் பிரதியை அது வைத்துக்கொள்ளும். அடுத்தவர் கேட்டால் வெளியே போகாமல் அதையே கொடுக்கும். எவருடைய கணினியிலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இடையில் ஒன்று நிற்பதே எவருக்கும் தெரியாது. வேகம் கூடியது, பாராட்டும் வந்தது. அந்த மயக்கத்தில், பிரதிகளை இரண்டு நாள்வரை புதுப்பிக்கவே வேண்டாம் என்று ஒரு விதியையும் எழுதிவைத்தேன்.

விடுதிச் சமையலறையில் பணிபுரிந்த ஓர் அம்மையார், அரசுப் பள்ளியில் சமையலர் வேலைக்கு மனுச் செய்திருந்தார். வயது வரம்பைத் தாண்டச் சில மாதங்களே இருந்தன. இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோர் பட்டியல் பகுதி பகுதியாக இணையத்தில் வெளிவந்தது. நூலகக் கணினியில் முதல் நாள் பார்த்தார், பெயர் இல்லை. மறுநாள் காலையும் இல்லை.

அன்று மதியச் சாப்பாடு பரிமாறி முடித்தவுடன் என் அறைக்கு வந்தார். மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் வேலை செய்யும் அவருடைய தம்பி போன் செய்திருந்தாராம்.

“உன் பேரு லிஸ்ட்டுல கீதுக்கா, இன்னிக்கு மூணு மணிக்குள்ள செங்கல்பட்டு ஆபீசுல இருக்கணும்ன்றான் சார். இங்க பாத்தா இல்ல. எது நெசம்?”

என் கணினியில் பார்த்தேன். இல்லை. மறுபடி திறந்தேன். இல்லை.

“தம்பி வேறு பட்டியலைப் பார்த்திருப்பார் அம்மா. நூலகத்திலும் இல்லை, இங்கும் இல்லை” என்று உறுதியாகச் சொன்னேன்.

“அவன் குடிச்சிட்டு ஒளர்ற ஆளும் இல்லியே” என்று முனகியபடி அவர் வாசலை நோக்கி நடந்தார்.

அந்தச் சொல் உறுத்தியது. என் கைபேசியை எடுத்து, அதன் சொந்த இணைப்பில் அதே பக்கத்தைத் திறந்தேன். ஏழாவது வரியில் அவர் பெயர் இருந்தது. நூலகமும் என் கணினியும் காட்டியது, என் சர்வர் பிடித்துவைத்திருந்த முதல் நாள் பிரதியை. இரண்டு சாட்சிகள் என்று நான் நம்பியது ஒரே சாட்சி.

அப்போது மணி இரண்டேகால். ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு, அவர் வீட்டில் நின்று சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு, செங்கல்பட்டுக்கு விரைந்தேன். வழியிலேயே என் தவற்றைச் சொன்னேன். அவர் மணியை மட்டும் கேட்டார்.

போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி பத்து நிமிடம். கதவருகே நின்ற பெண் அலுவலர், “இன்னாம்மா, உங்களுக்கு இப்பதான் விடிஞ்சுதா?” என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மையார், “பஸ்ஸு வழில நின்னுபூச்சு மேடம். இந்த சாருதான் வண்டில இட்டாந்தாரு” என்றார்.

அலுவலர் என்னை மெச்சுதலோடு பார்த்துவிட்டு, அம்மையாரை உள்ளே அனுப்பினார். நான் தலை குனிந்து நின்றேன்.

நேர்காணல் முடிந்து அவர் வெளியே வந்ததும், உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொன்னா காலேஜுக்குத் தெரிஞ்சு உங்களுக்குப் பேஜாராவும். வேலை போனா இன்னா கதின்னு எனுக்குத் தெரியும். வுடுங்க சார், ஒரு டீ வாங்கிக் குடுங்க.”

அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. நான் அன்று மாலையே அந்த விதியை நீக்கி, நடந்ததை முதல்வருக்கு எழுதிக்கொடுத்தேன். எவர் கண்ணிலும் படாமல் வேலை செய்வதைத் திறமை என்று எண்ணியிருந்த எனக்கு, அப்படிச் செய்யும் வேலையால் தவிப்பவரும் என் கண்ணில் படமாட்டார் என்பதை உணர்த்தியவர், என்மீது ஒரு சுடுசொல்லும் வீசாத அந்த அம்மையார்தான்.