சாக்கில் தைத்த வாய்க்கூடு

காலை ஐந்தே முக்காலுக்கு முதலில் கண்ணில் பட்டவை வேலிக் கதவருகே நின்ற ஏழு ஒட்டகங்கள். அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் அப்போது மேய்ச்சல் நிலங்களைப் பராமரிப்பது என் வேலை. மழைக்கு முளைத்த புல் விதை உதிர்க்கும்வரை வேலிக்குள் மேய்ச்சல் கிடையாது. வெளித்தொட்டி உடைந்துவிட்டதால் தண்ணீரோ உள்ளேதான்.

"தொறங்க சார். தண்ணி காட்டலைன்னா மொதலாளி கஃபீல் என்னைய ஊருக்குப் பத்திவிட்ருவாரு" என்றார் ராமநாதபுரத்து மேய்ப்பர்.

"போற வழியில புல்லை மேஞ்சிருமேண்ணே?"

"எதை வச்சு மேயும்? வாயைப் பாருங்க."

போரடிக்கும் மாட்டுக்குக் கட்டுவதுபோல, தீவனச் சாக்கில் தைத்த வாய்க்கூடு ஒவ்வொன்றுக்கும் இருந்தது. கதவைத் திறந்தேன். சாக்கு முகங்களோடு அவை பச்சையைக் கடந்துபோன காட்சி, எங்கே மழை பெய்தாலும் இன்றும் நினைவுக்கு வருகிறது.

பங்குனியில் விதை உதிர்ந்து, வாய்க்கூடு இல்லாமல் மேயக் கதவைத் திறந்துவிட்டபோது அந்த மேய்ப்பர் லீவில் ஊருக்குப் போயிருந்தார்.