பாலைவனத்தில் ‘மு’ வகுப்பும் இரண்டு பாதங்களும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை போய்வந்தோம். ஆறாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன பிறகு நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மனசு மாறட்டும் என்று என் கணவர் செந்தில், என்னைக் கேட்காமலே ஒரு தியான வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டார். அந்தக் கோபத்தோடுதான் காரில் ஏறினேன். இதை எழுதும்போதும் அது தீரவில்லை.

துபாயில் நாங்கள் இருக்கும் அல் குசைஸிலிருந்து மலீஹா சாலையில் ஐம்பது நிமிடம். ஆளுக்கு இருநூறு திர்ஹாம். அதற்கு ஒரு பாய், நாலு பேரீச்சம்பழம், ஆறிப்போன டீ. காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது.

‘மு’ ஜப்பானிலேயே பிறந்த புனித ஒலி, சூனியம் என்று பொருள் என்றார் பயிற்சியாளர். இழந்ததை மணலில் எழுதி, கையால் அழித்துவிட்டு ‘மு’ என்று சொல்ல வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதுவதற்கு நாங்கள் ஒரு பெயர்கூட வைத்திருக்கவில்லை.

பக்கத்துப் பாயில் லின் என்ற சீன மொழி ஆசிரியை. தென் சீனாவின் குவாங்சௌக்காரி. அது சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன சொல் என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். அதே சொல் அவள் ஊர்ப் பேச்சில் ‘மோ’; அரிசி தீர்ந்தாலும் அவள் வீட்டில் ‘மோ’தானாம். வெறும் ‘இல்லை’. அந்தச் சொல்லுக்கு முதலில் தனி எழுத்தே கிடையாது. கைகளில் எதையோ ஏந்தி ஆடும் ஒருவரின் படம்தான் ஆட்டத்துக்கு எழுத்தாக இருந்தது. ஒலி ஒத்துப்போனதால் அதை ‘இல்லை’க்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஆட்டத்தை எழுத, அதே படத்தின் அடியில் இரண்டு பாதங்களைச் சேர்த்தார்களாம். என் பாய்க்கு முன்னால் மணலில் வரைந்தும் காட்டினாள்.

பயிற்சியாளர் வந்து அழிக்கச் சொன்னார். முடியாது என்று எழுந்து நடந்தேன்.

காரில் செந்தில், “விடு கவி. ஒண்ணுமே நடக்கலன்னு நெனச்சுக்கோ” என்றார்.

“அப்படிச் சொல்லாதீங்க. அது இருந்துச்சு. உதைச்சுச்சு!” என்று கத்தினேன்.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். “தெரியும். நானும் கை வச்சுப் பாத்தேன்ல” என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாத மனிதர்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கழிப்பறை கிடையாது. வகுப்புக்குக் காசைக் கொட்ட வேண்டாம், மணல் இலவசம்தான். யார் அழிக்கச் சொன்னாலும் அழிக்காதீர்கள். நான் அந்த இரண்டு பாதங்களையும் அப்படியே விட்டுவிட்டுத்தான் வந்தேன்.