பவுனு என்ற பெயரைக் கொடுத்துவிட்டவர்

சிஸ்டர் கிளேரைப் "பவுனு" என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சமிருந்தாள். அவரைப் பெற்ற சவரியாயி.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், லயம் என்ற கூலி வீட்டு வரிசையின் கடைசி வீட்டில் பிறந்த பிள்ளை. ஞானஸ்நானப் பெயர் மரிய பவுனம்மாள். வீட்டில் வெறும் பவுனு. சவரியாயி மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருப்பாள், மகள் எங்கேயாவது ரப்பர் கொட்டை பொறுக்கிக்கொண்டிருப்பாள். "ஏ பவுனூ...!" என்று தாய் ஒரு இழுப்பு இழுத்தால், நாலு நிரை மரம் தாண்டி "வாரேம்மோவ்!" என்று பதில் வரும். அந்த "ஓவ்" எஸ்டேட்டில் வேறு எந்தப் பிள்ளைக்கும் வராது. வேலை வாங்கும் மண்டோர்கூட அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்.

பத்தொன்பது வயதில் பவுனு கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். துறவற உடை கொடுத்த அன்று ஆயர், "இன்று முதல் நீ கிளேர்" என்றார். கோவிலே கப்சிப். கடைசிப் பெஞ்சிலிருந்து சவரியாயி எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "ஏன், பவுனுக்கு என்ன கொறச்சலாம்?" சாமியார்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே! அதற்குப் பிறகும் அவள் மாறவில்லை. மதர் சுப்பீரியர் எதிரில் நின்றாலும் பவுனுதான். "பெத்தவ நானு. சிஸ்டரு கிஸ்டருன்னு கூப்பிட எனக்கென்ன கிறுக்கா?"

சிஸ்டர் கிளேர் நர்ஸ் வேலை படித்தார். எண்பதுகளின் தொடக்கத்தில், சுங்கை சோ பக்கம் ஒரு பலகை வீட்டில் இன்னும் இரண்டு சிஸ்டர்களோடு இருந்துகொண்டு, காட்டுக்குள் இருக்கும் ஓராங் அஸ்லி பழங்குடி ஊர்களுக்குப் போய்வந்தார். அதிலும் தெமுவான் மக்களின் லுபோக் பாக்கு என்ற ஊர்தான் அவருக்கு உயிர். மரம் ஏற்றும் லோரிகள் போட்ட செம்மண் பாதை முடிகிற இடத்தில் இறங்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். இருபது குடும்பங்கள். காசநோய்க்கு மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, பிள்ளைகளுக்கு எழுத்து, ஞாயிற்றுக்கிழமை செபம். எல்லாம் அவர்தான், எல்லாம் மலாயில்தான்.

லேண்ட் ரோவர் ஓட்டியவர் உடையப்பன், பழைய எஸ்டேட் லோரி டிரைவர். கண்ணாடியில் முருகன் படமும் தொங்கும், செபமாலையும் தொங்கும். கேட்டால், "ஒருத்தரு அசந்தாலும் இன்னொருத்தரு பாத்துக்குவாருலா சிஸ்டர்" என்பார்.

அந்த ஊர்க்காரர்கள் காட்டுக்குள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பக்கத்தில் நடப்பவனைக்கூட "ஊய்!" என்பார்கள். ஏன் என்று சிஸ்டர் கேட்டதற்கு ஊர்த் தலைவர், அவர்கள் சொல்லில் பாத்தின், "காடு கேட்டுக்கிட்டே இருக்கும். பேரைக் கேட்டுச்சுன்னா அப்புறம் அதுவே கூப்பிடும்" என்றார்.

"காட்டுக்கு வேற வேலை இல்லையா?" என்று சிஸ்டர் சிரித்தார். பாத்தின் சிரிக்கவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம், நவம்பர் மழை. செனா என்பவளின் மகள் கெனாங்காவைக் காணோம். ஒன்பது வயது. மத்தியானம் பழம் பொறுக்கப் போனவள் மூன்றரை மணியாகியும் திரும்பவில்லை. ஆண்கள் "ஊய்! ஊய்!" என்று கத்திக்கொண்டு ஆற்றோரம் போனார்கள். சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஊய்யாவது, கீய்யாவது! எஸ்டேட்டில் பிறந்த தொண்டை. வாய்க்கு இரண்டு பக்கமும் கை வைத்து இழுத்தார்: "கெனாங்கா...ஆஆ...!" சவரியாயி இழுப்பாளே, அதே இழுப்பு. செனா ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள். சிஸ்டர் அவள் கையைத் தட்டிவிட்டு அரை மணி நேரம் கத்தினார்.

நாலு மணிக்குப் பிள்ளை வந்தாள். ஆற்றுப் பக்கமிருந்து அல்ல. யாரும் போகாத சதுப்புப் பக்கமிருந்து. கொட்டுகிற மழையில் வந்தவளின் சட்டை காய்ந்திருந்தது. தலைமுடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எங்கடி போனே?" என்று சிஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டார்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க" என்றாள் பிள்ளை. "வெள்ளை உடுப்போட தண்ணிக்கு அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டீங்க. கிட்ட வர வர, நீங்க உள்ள உள்ள போனீங்க."

சிஸ்டர் குனிந்து, நனைந்து ஒட்டிய தம் வெள்ளை உடையைப் பார்த்தார்.

அடுத்த நாளிலிருந்து தினமும் நாலு மணிக்குக் கெனாங்கா எழுந்து சதுப்பைப் பார்த்து நடந்தாள். பிடித்து நிறுத்தினால் திமிறமாட்டாள், பேசவும் மாட்டாள். சோறு இறங்கவில்லை. சிஸ்டர் தீர்த்தம் தெளித்தார், செபமாலை சொன்னார், பிறகு நர்ஸ் புத்தி வந்து உடையப்பனோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். இரத்தம் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ஒன்றுமில்லை. நாலு மணிக்கு வார்டில் எழுந்த பிள்ளை, காடு இருக்கும் திசை பார்த்த ஜன்னலில் போய் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்த அன்று சிஸ்டர் தாமே அதைக் கேட்டார். பட்டப்பகல், மழைகூட இல்லை. சதுப்புக்குள்ளிருந்து, "கெனாங்கா...ஆஆ...!" அவருடைய குரல். அவருடைய இழுப்பு. கடைசியில் மூச்சு முட்டி லேசாக உடையுமே, அதுகூட அப்படியே. உடையப்பன் கையிலிருந்த மருந்துப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சிஸ்டர், நீங்க இங்கதானே நிக்கிறீங்க?" என்று கேட்டார். அய்யோ, நான்தானே சொல்லிக்கொடுத்தேன், நான்தானே என்று சிஸ்டர் அழுதார்.

பாத்தின் திட்டவில்லை. "பேரை மாத்தணும்" என்றார். "காடு கேட்காத பேரு வேணும். எங்க பேரெல்லாம் மரம், பூ, பறவை. எல்லாம் அதுக்குத் தெரியும்."

"மரியான்னு வைக்கலாம்" என்றார் சிஸ்டர்.

"அதைத்தான் நீங்க ஞாயித்துக்கிழமைக்கு அம்பது தரம் சத்தமா சொல்றீங்களே."

உண்மைதான். யோசித்துப் பார்த்தால் அத்தனை புனிதர்களின் பெயரையும் அவர் இந்தக் காட்டில் பாட்டாகவே பாடியிருக்கிறார். ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னதில்லை. அதைப் பாத்தினின் காதில் மெதுவாகச் சொன்னார்.

பாத்தினும் குரலைத் தாழ்த்தினார். "இது உங்க பேரு. கொடுத்தா கொடுத்ததுதான். ஒரு பேருல ரெண்டு பேரு இருக்க முடியாது. இனிமே யாரு அப்படிக் கூப்பிட்டாலும் நீங்க பதில் சொல்லக்கூடாது. சொன்னா பேரு உங்ககிட்டயே திரும்பிடும். பிள்ளை வெறுமனே நிப்பா. காடு எடுத்துக்கும்."

யார் என்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள், அம்மா ஒருத்திதான், அதுவும் வருஷத்துக்கு இரண்டு தரம் என்று சிஸ்டர் கணக்குப் போட்டார். கொடுத்தார்.

மூன்று நாள் அந்தக் குரல் கெனாங்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் குரல் நின்றது. பிள்ளை சோறு கேட்டாள். வீட்டுக்குள் மட்டும், மெல்ல, எல்லாரும் அவளைப் பவுனு என்று கூப்பிட்டார்கள்.

சிஸ்டர் இதை மடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நம்புகிறேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்று சோதித்துப் பார்க்கவும் தைரியமில்லை. கிறிஸ்துமஸுக்கு எஸ்டேட்டுக்குப் போனபோது, "பவுனு, தண்ணி மொண்டா" என்றாள் சவரியாயி. சிஸ்டர் பேசாமல் போய் மொண்டுவந்தார். "பவுனு, சாப்டியா?" பதில் இல்லை. "என்னடி, காது செவிடாப் போச்சா? இல்ல பெரிய சிஸ்டராயிட்டியா?" என்று கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகும்போது வாசலுக்குக்கூட வரவில்லை. லேண்ட் ரோவரில் ஏறியதும் சிஸ்டர் விம்மி விம்மி அழுதார். உடையப்பனுக்கு விஷயம் தெரியும். வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் ஓட்டினார்.

எண்பத்தாறு, தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. எஸ்டேட் ஆபீஸ் கிராணி போன் பண்ணினார். சவரியாயிக்குப் பக்கவாதம், கண்ணும் போய்விட்டது, உடனே வரவும். உடையப்பன் அன்று ஓட்டிய ஓட்டத்தில் முருகன் படம் கழன்று விழுந்தது.

லயத்து வீட்டில் கட்டிலில் கிடந்தாள் கிழவி. பக்கத்தில் சிஸ்டரின் தம்பி. "அம்மா, அக்கா வந்திருக்கு" என்றான்.

"பவுனூ..." என்றாள் சவரியாயி.

சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாய் திறக்கவில்லை.

"பேசுக்கா. உன்னத்தான் கூப்பிடுது" என்றான் தம்பி.

சவரியாயி அந்தக் கையைத் தடவிப் பார்த்தாள். உடையின் நீளக் கையைத் தடவினாள். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைத் தொட்டாள். "யாரு, சிஸ்டரம்மாவா?" என்றாள், அந்நியரிடம் பேசும் மரியாதையோடு. இருபத்து நாலு வருஷமாக மகளை அழைக்காத வார்த்தை. "சிஸ்டரம்மா, எம்மவளப் பாத்தீங்களா? பவுனுன்னு பேரு. கூப்பிட்டா ஒடனே வருவா."

சிஸ்டர் கிளேர் உதட்டைக் கடித்தார். இரத்தம் வந்தது. ஒரு "அம்மா" போதும். ஆனால் சதுப்பின் ஓரம் நிற்கும் பிள்ளை கண்ணில் வந்தாள். மழையில் நனையாத அந்தச் சட்டை வந்தது.

"பவுனூ..." இரண்டாம் தரம்.

"நீயெல்லாம் ஒரு மனுசியா?" என்று தம்பி கத்தினான்.

"ஏ பவுனூ...!" மூன்றாம் தரம் சவரியாயி, எங்கிருந்து வந்ததோ அந்தப் பலம், பழைய இழுப்பு இழுத்தாள். பிறகு காதைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. கிழவியின் முகம் மெல்ல மலர்ந்தது.

"வேணாம் வேணாம்" என்றாள் சுவரைப் பார்த்து. "வராத. நீ அங்கயே இரு."

அதோடு மூச்சு அடங்கியது. தம்பி அடக்கத்தில் அக்காவின் பக்கத்தில் நிற்கவில்லை. புலம்பிச் செத்தாள் என்றுதான் ஊரே நினைத்தது. சிஸ்டரும் அப்படித்தான் நினைத்தார். நினைத்து நினைத்து ஒரு வாரம் தூங்கவில்லை.

எட்டாம் நாள் லுபோக் பாக்குவுக்குப் போனார். பிள்ளைக்கு இப்போது பதினொரு வயது. ஓடிவந்து மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"போன வியாழக்கிழமை என்னை யாரோ கூப்பிட்டாங்க" என்றாள். "நாலு மணிக்கு. சதுப்புப் பக்கம் இல்ல, வானத்துல எங்கேயோ. ஒரு பாட்டி குரல். மூணு தரம்."

"நீ பதில் சொன்னியா?"

"மொத ரெண்டு தரம் சொல்லல. மூணாந் தரம் அவங்க ரொம்பக் களைச்சுக் கூப்பிட்டாங்க. பாவமா இருந்துச்சு. வாயில தானா வந்துருச்சு. என்ன பாஷைன்னே தெரியல."

"என்ன சொன்னே?"

தமிழில் ஒரு வார்த்தை அறியாத அந்தப் பிள்ளை, தலையைத் தூக்கி, நாலு நிரை தாண்டிக் கேட்கிற குரலில் சொன்னாள்: "வாரேம்மோவ்!"

உடையப்பன் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சொல்லிட்டு எழுந்து நடந்தேன்" என்றாள் பிள்ளை. "அம்மா பிடிச்சாங்க, நிக்கல. அப்ப அந்தப் பாட்டி ஏதோ சொன்னாங்க. உடனே என் கால் நின்னுடுச்சு. அப்புறம் யாரும் என்னைக் கூப்பிடல. அந்தப் பக்கம் சத்தமே இல்ல."

சிஸ்டர் கிளேர் செம்மண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அவங்க சொன்னது, 'அங்கயே இரு'ன்னா?" என்று கேட்டார், அந்த இரண்டு வார்த்தையை மட்டும் தமிழில்.

"ஆமா, அதேதான்" என்றாள் பவுனு. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"