சாப்பாடு வருமுன் இறங்குகிறவர்கள்

பென்சிலின் மழுங்கிய நுனியால் மேசை விளிம்பில் இரண்டு தட்டு. டக், டக். அக்காவின் வீட்டு மாலை நேரம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சத்தம்தான். தட்டுகிறவர் அக்காவின் கணவர், என் அத்தான். வடக்கே நாள்கணக்கில் ஓடும் ரயில்களின் சமையல் பெட்டியான பான்ட்ரி காரில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். பெட்டி பெட்டியாக நடந்து, பெர்த்தின் கம்பியில் பென்சிலால் தட்டி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆர்டர் எடுப்பது அவர் வேலை. தூங்குகிறவனைத் தொட்டு எழுப்பினால் சண்டைக்கு வருவான், கம்பியைத் தட்டினால் ரயில்தான் எழுப்பியது என்று நினைத்துக்கொள்வான் என்பது அவருடைய தொழில் தத்துவம்.

வீடு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. பக்கத்துத் தெருவில் தனியாக வாழும் எனக்கு, கல்யாணம் என்ற ஒன்று எப்படியோ தப்பிப்போய்விட்டதால், அக்காவின் சாப்பாட்டு மேசையில் நிரந்தர முன்பதிவு உண்டு. ஜன்னலோர நாற்காலி. அக்கா அடுக்களை வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். அத்தான் விடுப்பில் வந்திருக்கும் நாட்களில் அந்த மேசையில்தான் எனக்குச் சரித்திரம் போதித்தார். அவருடைய சரித்திரத்தில் மன்னர்கள் கிடையாது, மெனுக்கள்தான் ஆண்டன. பீங்கான் கிண்ணத்தில் தக்காளி சூப்பும் அதில் முக்க ரொட்டிக் குச்சியும் வந்த காலம். ஓடுகிற வண்டியிலேயே கட்லெட் பொரித்து, கடைசியில் கேரமல் கஸ்டர்டைச் சின்னக் கரண்டியோடு நீட்டிய காலம். பிறகு பீங்கான் போய் அலுமினியத் தாள் பெட்டி வந்தது. சூப்பு பொடியாயிற்று. கஸ்டர்ட் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஒருநாள் நின்றுபோனது. அப்புறம் வண்டிக்குள் அடுப்பே வேண்டாம் என்றானது. எங்கோ வெந்த சோறு ஏதோ ஒரு ஸ்டேஷனில் பொட்டலமாக ஏறியது. “சூப்பு போனப்பமே வண்டி பாதி செத்தாச்சு மக்கா, இப்பம் ஓடுறது அதுக்க மீதியாக்கும்” என்பார். நான் சிரிப்பேன். தனியார் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன். செத்த பொருள் ஓடாது என்று எனக்குத் தெரியும்.

அவர் ஓய்வு பெற்ற புதிதில், ரயிலில் இருந்தபடி போனில் சாப்பாடு வரவழைக்கும் வித்தையை அவருக்குக் காட்டினேன். பீட்சாவும் நூடுல்ஸும் படம் படமாக நகர்ந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “இது ஆளுக்க மொகத்தப் பாக்குமா?” என்று கேட்டார். பார்க்காது என்றேன். “பின்ன எப்படித் தெரியும், சாப்பாடு வாறதுக்கு முந்தி எறங்குற ஆளு யாருன்னு?” டிக்கெட் எண்ணை வைத்து அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று விளக்கினேன். அவருக்குத் திருப்தி இல்லை. “டிக்கெட்டுல ஒரு எடம் இருக்கும். ஆளு வேற எடத்துல எறங்குவான்.”

ஆர்டர் எடுக்கிறவர்களின் முதல் பாடம் அதுதான். சாப்பாடு வருவதற்குள் இறங்கிவிடுகிறவனின் பெர்த்தில் தட்டக் கூடாது. தட்டினால் ஒரு சாப்பாடு வீண், வாங்க ஆளில்லாத தட்டோடு பெட்டி பெட்டியாக அலைய வேண்டும். கேட்காமலே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவதாக அத்தானுக்குப் பெருமை உண்டு. ஆனால் டீக்கு இந்தச் சட்டம் இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்ததே டீ விற்கத்தான். பென்சில் பிறகு கிடைத்த பதவி உயர்வு. டீக்கு யாரிடமும் இறங்குகிற இடம் கேட்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்களாம்.

மறதி அவருக்குச் சத்தமில்லாமல் வந்தது. ஒருநாள் சாயங்காலம், நம் ஊரில் நிற்காத நெடுந்தூர வண்டி வீட்டின் பின்னால் ஊதிக்கொண்டு போனதும் எழுந்தார், காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்தார், என் நாற்காலிக்கு முன்னால் மேசையைத் தட்டினார். “சார், எங்க வரை?” விளையாடுகிறார் என்று நினைத்து டெல்லி என்றேன். பொட்டலச் சோற்றின் வகைகளை ஒப்பித்தார். அக்காவிடம் போய் “மேடம், வெஜ்ஜா நான்-வெஜ்ஜா?” என்றபோதுதான் இது விளையாட்டு இல்லை என்று புரிந்தது. அன்று முதல் தினமும், வண்டி ஊதிய பிறகு, சுற்று. முதலில் மறந்துபோவது சமீபத்தியவை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் மெனு பின்னோக்கிப் போயிற்று. சில மாதத்தில் பொட்டலச் சோறு மறைந்து வண்டியில் வெந்த சோறு வந்தது. பிறகு சூப்பு. நோய் முற்ற முற்றச் சாப்பாடு நன்றாகிக்கொண்டே வந்தது. எப்படி இருக்கிறார் என்று மருத்துவர் கேட்டபோது, “கஸ்டர்ட் திரும்ப வந்துட்டு” என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். என்னைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு உறவுகள் கூடியபோது அத்தான் சுற்றி வந்து எல்லோரிடமும் தட்டினார், எங்கள் பெரியப்பாவை மட்டும் விட்டுவிட்டு. புதுவருஷ ஆராதனைக்குப் பெரியப்பா உயிரோடு இல்லை. வயதானவர், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்து எங்கள் சபையின் உபதேசியார். கல் மாதிரி உடம்பு. ஜெபம் பண்ண வந்தவர் மேசையில் உட்கார்ந்தார். பென்சில் அவரைத் தாண்டிப் போனது. அவர் வேடிக்கையாக, “எனக்கு ஒண்ணும் கெடையாதா?” என்றுகூடக் கேட்டார். அத்தான் மரியாதையாக, “நீங்க அதுக்கு முந்தி எறங்கீருவீங்க சார்” என்றார். அந்த வாரமே ஒரு கல்யாணத்துக்குப் பூவாருக்குப் போனவர், படகுத்துறையில் காற்று வாங்க உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு அக்கா வீட்டுக்கு விருந்தாளி வருவது நின்றது. சுகம் விசாரிக்கிறவர்கள் வாசலில் நின்று விசாரித்தார்கள். போதகர் வந்தார், ஆனால் அப்பமும் கறியும் நின்றுகொண்டே சாப்பிட்டார். முட்டு மடங்காது என்று காரணம் சொன்னார். முழங்காலில் ஜெபிக்கும்போது மட்டும் மடங்கியது. நான் எல்லோரையும் கிண்டல் செய்தேன். இரண்டு மரணங்களை வைத்து விதி எழுத முடியாது என்று கரும்பலகை முன் நிற்கிற தோரணையில் சொன்னேன். தினமும் என் மேசை விளிம்பில் இரண்டு தட்டு விழுந்துகொண்டிருந்ததால், அப்படிச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு பழுது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் தேதி கொடுத்தார்கள். அந்த வாரம் பென்சில் அக்காவைத் தாண்டிப் போகத் தொடங்கியது. முதல் நாள் நான் இருமினேன். இரண்டாம் நாள், “அத்தான், அங்க ஒரு ஆளு உண்டு” என்று காட்டினேன். அவர் அடுக்களை வாசல் நாற்காலியை ஒரு கணம் பார்த்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார். அக்கா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தானுக்கு அவள்தான் தினமும் முள் எடுத்துக் கொடுப்பாள். அவருக்கு முள் எது என்பதும் மறந்துவிட்டது.

“எனக்குப் பயமில்ல கேட்டியா,” என்றாள், தலை நிமிராமல். “நான் எறங்கினா இவியள யாரு பாப்பா? நீயா? ஒனக்குச் சட்ட பொத்தான் போடவே ஆளு வேணும்.”

அவள் போனால் அத்தானுக்குச் சோறு ஊட்ட ஒரு கை இல்லை. அவளைத் தவிர வேறு கையை அவர் தட்டிவிடுவார். அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்தபோது, ஒரு விஞ்ஞானபூர்வமான விளக்கம் கிடைத்தது. அத்தான் முகத்தை மறந்துவிட்டார், இருக்கையைத்தான் பார்க்கிறார். அடுக்களை வாசல் நாற்காலி அவர் கணக்கில் பான்ட்ரி ஊழியர்களின் இடமாகிவிட்டது, அதனால்தான் தட்டுவதில்லை. இதை நிரூபிக்க ஒரு பரிசோதனை போதும்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், வண்டி ஊதுவதற்குள், காற்று படட்டும் என்று சொல்லி அக்காவை என் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். வண்டி போயிற்று, மேசை மேல் தம்ளர்கள் லேசாக அதிர்ந்தன. அத்தான் வந்தார். ஜன்னல் பக்கம் டக், டக்.

“மேடம், எங்க வரை?”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கடைசி வரை,” என்றாள்.

“அப்பம் ராச்சாப்பாடு உண்டு. வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?”

“நீங்க எத எடுத்தாலும் சரி.”

அவர் உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார். என் முகத்தை நன்றாக, நெடுநேரம் பார்த்தார். பயணியின் மேல் அவருக்கு எப்போதும் இருந்த அதே பரிவு. பென்சில் காதுக்குப் போயிற்று. அவர் கடந்து போனார்.

என் விளக்கம் சரி என்று நிரூபணமாகிவிட்டது, நாற்காலிதான் காரணம். அந்த வெற்றியைக் கொண்டாடாமல், அன்று சாப்பிடாமலே வீட்டுக்குக் கிளம்பினேன்.

அக்கா பிழைத்தாள். ஆபரேஷன் இவ்வளவு சுலபமாக முடியும் என்று தாங்களே எதிர்பார்க்கவில்லை என்று சொன்னார்கள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், காரோடு கிராமத்திலிருந்து வந்த ஒரு சொந்தக்காரப் பெண் பொறுமையாகக் கஞ்சி ஊட்டிப் பார்த்தாள். அத்தான் பாதிதான் குடித்தார். அந்த நாட்களில் நான் வெளியே சாப்பிட்டேன். செங்கல் என்ற ஊரின் கோயில் பக்கத்து ஓட்டல் தோசை திடீரென்று பிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டேன். அக்கா திரும்பி வந்த அன்று வேறு வழியில்லை. அவள் தன் பழைய அடுக்களை வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள், நான் என் ஜன்னலோரத்தில். வண்டி ஊதியது. அத்தான் அடுக்களை வாசலில் தட்டினார். மீன் வறுவலும் கஸ்டர்டும் அக்காவுக்கு உறுதியாயின. ஜன்னலோரத்தில் தட்டவில்லை. என் விளக்கத்துக்கு அவ்வளவுதான் ஆயுள்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் காற்று படட்டும் என்று நான் நாற்காலி மாற்றியது அவள் முகத்தில் மெதுவாக ஓடி முடிவதைப் பார்த்தேன். “எலே,” என்றாள். என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள். முள் எடுத்திருந்தது.

நாளை தட்டுவார் என்று காத்திருந்தேன். மறுநாள் வண்டி ஊதியது, அத்தான் எழவில்லை. பென்சில் மேசையில் கிடந்தது. நானே எடுத்து அவர் கையில் வைத்தேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அதைச் சூடான பாத்திரம் போலப் பிடித்து, பத்திரமாகத் திரும்ப வைத்தார். “இது ஆர்டர் எடுக்குற அண்ணனுக்க பென்சிலாக்கும் சார். நான் தொட்டா ஏசுவாரு.” மெனுக்களின் ஆதியையும் தாண்டி, அவர் முதல் வேலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். இனி ஆர்டர் எடுக்க யாரும் இல்லை. கடைசியாக எடுத்த ஆர்டரில் நான் இல்லை.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. நான் ரத்தம், நெஞ்சு, சர்க்கரை எல்லாம் பரிசோதித்துவிட்டேன். எதிலும் குறை இல்லை என்று எழுதித் தந்தார்கள். உபதேசியாருக்கும் குறை இருந்திருக்காது. பென்சில் அக்காவின் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. நேற்றும் வண்டி ஊதிக்கொண்டு போனது. வண்டிக்குள்ளே எல்லோரும் அவரவர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். யார் முகத்தையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அத்தான் அக்கா நிரப்பிக் கொடுத்த ஸ்டீல் கெட்டிலோடு அடுக்களையிலிருந்து வந்தார். “சாயா, சாயா.” என் முன்னால் நின்றார்.

“எங்க வரைன்னு கேக்கல்லியே?” என்றேன்.

“டீக்கு அதெல்லாம் கேக்கப்பிடாது சார்,” என்றார். “சூடு ஆறதுக்கு முந்தி குடியுங்க.”

ஊற்றும்போது கெட்டிலின் மூக்கு என் தம்ளர் விளிம்பில் இடித்தது. டக். நான் காத்திருந்தேன். அடுக்களை வாசலில் அக்காவும் அசையாமல் நின்றாள். இன்னொரு டக். அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டுத் தம்ளரை நீட்டினேன்.