தரிசு என்று எழுதிய நிலம்

காங்கேயம் சாலையோரம், கிளுவை வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்துகிறேன். உள்ளே காய்ந்த புல், நாலைந்து வெள்வேல மரங்கள். பனியன் கம்பெனி ஷெட் கட்டத் தோதான இடங்களைப் பட்டியலிடுவது என் வேலை. ‘தரிசு, பயிர் இல்லை’ என்று பதிகிறேன். தரிசு என்றால் முதல் தேர்வு.

மாடு ஓட்டி வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என் கைபேசித் திரையை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“ஏனுங்க, இது தரிசுங்களா? இந்தப் புல்லு நாங்க வெதைச்சதுங்க.”

“புல்லை விதைப்பாங்களா?”

“மழையெல்லாம் மலைக்கு அந்தப்பக்கமே நின்னுருதுங்க. இங்க நெல்லு வராதுன்னு மொதமொத குடிவந்தவங்களே கண்டுக்கிட்டாங்க. வேலி போட்டு, புல்லு வளத்து, மாட்டை வெச்சுத்தான் ஊரே உண்டாச்சு. உங்களுக்கு நெல்லு இருந்தாத்தான் வெள்ளாமைங்களா?”

திரையில் பதிந்ததை மறுபடி பார்க்கிறேன். அவள் சிரிப்பு நிற்கிறது.

“குத்தகைக்கு மேய்க்கறமுங்க. ஷெட்டு வந்தா மாட்டை எங்கீங்க ஓட்டறது?”

அவள் கண்ணெதிரே அந்த வரியை அழிக்கிறேன். இதே போன்ற பதினோரு இடங்களைக் காலையிலேயே தரிசு என்று எழுதி அனுப்பிவிட்டேன். அங்கெல்லாம் நான் வண்டியை விட்டே இறங்கவில்லை.