இஸ்திரி போட்ட பாஸ்போர்ட்டோடு ஹூஸ்டன் தூதரகத்துக்கு

போன அக்டோபர் 6, திங்கட்கிழமை, டெக்சாஸில் இருக்கும் ரிச்சர்ட்சனிலிருந்து ஹூஸ்டனில் உள்ள நம் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போனோம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் பாஸ்போர்ட்டுக்கு நானே இஸ்திரி போட்டுவிட்டேன். அதனால் போனோம்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

நான் நாமக்கல்காரன். முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டினேன். படிப்பு எட்டாவதோடு சரி. எங்கள் தொழிலில் ஆயுத பூஜை என்றால் லாரிக்கு மட்டும் பொட்டு வைக்க மாட்டோம். ஆர்.சி. புத்தகம், பெர்மிட், லைசென்ஸ் எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துத்தான் எடுப்போம். ரிச்சர்ட்சனில் மகள் கவிதா வீட்டில் லாரி ஏது? "இந்த ஊர்ல எனக்கு ஆயுதம் பாஸ்போர்ட்தான்" என்று அதை எடுத்து வைத்தேன். என் வீட்டுக்காரி செல்வி புத்தகத்தைத் திறந்து, என் போட்டோவுக்கு நேராகவே ஈரச் சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டாள். கணவன்மேல் அவ்வளவு பாசம்.

சாயந்திரம் திறந்தால் போட்டோப் பக்கம் முழுக்கச் செக்கச்செவேல். ஈரத்துணியால் துடைத்தேன், பக்கம் சுருண்டது. சுருக்கம் போகட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். மேலே இருந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி பொரிந்தது. அடியில் ஏர்போர்ட் மெஷின் படிக்கிற இரண்டு வரி எழுத்தும் கோணிப்போய்விட்டது.

கவிதா பார்த்தாள். திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்ததுதான் எனக்கு முதல் பயம்.

"அப்பா, இத வெச்சுக்கிட்டு ஃபிளைட் ஏற விடமாட்டாங்கப்பா. பத்தாம் தேதி டிக்கெட். பன்னெண்டாம் தேதியோட நீங்க இங்க இருக்கற பர்மிஷன் முடியுது. அதத் தாண்டினா அடுத்த தடவ உள்ள விடறது கஷ்டம்."

பேத்தி இனியாவுக்கு நாலு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும். இனி அதை போனில் மட்டும்தான் பார்க்க வேண்டுமோ? வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரியைக்கூட ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு வந்த பயம் அப்போது வந்ததில்லை.

மறுநாள் தூதரகத்துக்கு போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. காந்தி ஜெயந்தி! அமெரிக்காவில் அது சாதாரண வேலைநாள், ஆனால் அந்த ஆபீசுக்குள் மட்டும் லீவு. தேதி முடிகிற நேரத்தில் போகிறவர்கள் இரண்டு நாட்டு லீவுப் பட்டியலையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஆன்லைனில் பதிந்தோம். திங்கள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள்.

விடியற்காலை 4.50க்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை கார்த்தி ஓட்ட, நான் பக்கத்தில், செல்வி பின்னால் முருகா முருகா என்று. 250 மைல், நம் கணக்கில் 400 கிலோமீட்டர். நாலரை மணி நேரம். போக வர பெட்ரோல் 46 டாலர். ஐ-45 என்ற ஃப்ரீவே ஒரே நேர்கோடு. குழி இல்லை, மாடு இல்லை, டீக்கடையும் இல்லை. இதில் வண்டி ஓட்டுவது ஒரு வேலையா என்று மாப்பிள்ளையைச் சீண்டிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.

"மாப்ளே, வாஷிங்டன்ல இருக்கறதுதான தூதரகம்? நாம எதுக்கு ஹூஸ்டன் போறோம்?"

"அது ஹெட் ஆபீஸ் மாதிரிங்க மாமா. வெள்ளக்காரன் காலத்துலயே அங்க நம்ம நாட்டுக்குன்னு ஒரு ஆபீஸ் இருந்துச்சு. சுதந்திரம் வந்தப்புறம் அது தூதரகம் ஆச்சு. நம்ம ஜனம் பெருகப் பெருகக் கிளை போட்டாங்க. நியூஜெர்சிக்காரங்க நியூயார்க் போவாங்க, பே ஏரியாக்காரங்க சான் பிரான்சிஸ்கோ போவாங்க. டெக்சாஸ்னா ஹூஸ்டன்."

எனக்குப் புரிந்துவிட்டது. நாக்பூரில் வண்டி படுத்துவிட்டால் நாங்கள் முதலில் தேடுவது நாமக்கல்காரர் வைத்திருக்கும் லாரி புக்கிங் ஆபீஸைத்தான். அங்கே போனால் மெக்கானிக் கிடைப்பான், சோறு கிடைக்கும், நாலு வசவும் கிடைக்கும். செத்துப்போன டிரைவரை ஊருக்கு அனுப்பி வைப்பதும் அவர்கள்தான். தூதரகம் நாட்டுக்கே ஒரு புக்கிங் ஆபீஸ்.

"உள்ள போயிட்டா அது இந்தியா மண்ணாமே?"

"அப்படிச் சொல்லுவாங்க. மண்ணு இவங்களோடதுதான். ஆனா கேக்காம இந்த ஊரு போலீஸ் உள்ள வர முடியாது."

"அப்ப என்னப் புடிச்சா நம்மாளுதான் புடிப்பான்."

"ஏனுங், காலங்காத்தால வாயக் கழுவுங்" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம்.

ஏழே முக்காலுக்கு ஹன்ட்ஸ்வில் என்ற ஊர் வந்தது. சாலையோரம் ஒரு பலகை. மாப்பிள்ளை படித்துச் சொன்னார்: இது சிறைச்சாலைப் பகுதி, வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றாதீர்கள். அதன் பிறகு நான் சாலையோரம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஹூஸ்டன் நெருங்கும்போதுதான் அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். பாஸ்போர்ட் எப்படிக் கெட்டது என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "வாஷிங் மெஷின்ல சட்டையோட போயிருச்சுன்னு டைப் பண்ணிட்டேன் மாமா. ஆயுத பூஜையெல்லாம் ஆபீஸ்ல எக்ஸ்ப்ளெயின் பண்ண முடியாது. வேணும்னே டேமேஜ் பண்ணுனதா நினைச்சா வம்பு." படித்த மனிதர் சொல்கிறார். கையெழுத்துப் போட்டேன். ஆனால் செக்போஸ்ட்டில் பொய் சொன்ன டிரைவர்கள் ராத்திரி எங்கே படுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

9.20க்குப் போய்ச் சேர்ந்தோம். பை சோதனை, டோக்கன், நாற்காலி வரிசை, சுவரில் காந்தி. எல்லோர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். எனக்கு முன்னால் இருந்தவர், தம்பியின் உடலை விஜயவாடாவுக்கு அனுப்பக் கையெழுத்து வாங்க வந்தவர். அவர் அழவில்லை, டோக்கன் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பயத்தை வெளியே காட்ட வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது குறையவில்லை.

10.35க்கு என் நம்பர். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு வடநாட்டு அதிகாரி. கடிதத்தைப் படித்தார். போட்டோப் பக்கத்தை விரலால் தேய்த்தார். விரல் நுனி சிவப்பானது. அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாஷிங் மெஷின்?"

மாப்பிள்ளை இங்கிலீஷில் என்னவோ ஆரம்பித்தார், நடுவில் நின்றுவிட்டது. செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இனியாவின் முகம் வந்தது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? வாயில் வந்தது லாரி இந்தி. "ஸாப், பூஜா கியா. ஃபிர் இஸ்திரி மாரா." பூஜை போட்டேன் ஐயா, அப்புறம் இஸ்திரி போட்டேன். தாபாவிலும் டோல்கேட்டிலும் கற்ற இந்தியில், லாரி, ஆர்.சி. புத்தகம், சந்தனம், அப்பளம் வரைக்கும் சொல்லி முடித்தேன். கடிதம் பொய் என்பதையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. இந்தியில் சொன்னார்: "எங்க ஊர்லயும் விஸ்வகர்மா பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வைப்போம். ஆனா யாரும் இஸ்திரி போடறதில்ல." அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெள்ளைத்தாளை நீட்டினார். "நடந்தத எழுதுங்க."

நான் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை எழுதினார். வருஷத்துக்கு லட்சக்கணக்கில் டாலர் வாங்குகிற கை, சந்தனத்துக்கு இங்கிலீஷை இரண்டு தடவை அடித்து எழுதியது. இதை நான் ஊர் முழுக்கச் சொல்லுவேன் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

ஊர் திரும்ப மட்டும் ஒரு அவசரச் சான்றிதழ் தருவதாகச் சொன்னார். ஒருவழிப் பயணம், சென்னையில் இறங்கியதும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்ய வேண்டும் என்று கத்தரிக்கோலை எடுத்தார். அமெரிக்க விசா அதே புத்தகத்தில், உள்ளே நாலாவது பக்கத்தில் இருக்கிறது. "ஸாப், விசா! விசா!" என்று நான் போட்ட சத்தத்தில் காவலாளி எட்டிப் பார்த்தார். அதிகாரி விசாப் பக்கத்தை மடக்கிக் காட்டிவிட்டு, மேலட்டையின் மூலையை மட்டும் வெட்டினார். கருக் என்ற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் மாலை 4.30க்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. ராத்தங்கல் ஒரு மோட்டலில், 79 டாலர், ஏ.சி. சத்தம் இலவசம். பத்தாம் தேதி நானும் செல்வியும் விமானம் ஏறினோம்.

போகிறவர்களுக்கு: உங்கள் மாநிலத்துக்கு எந்தத் தூதரகம் என்று முதலில் பாருங்கள், பக்கத்தில் இருப்பது உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. கட்டணம் மாறும், அவர்கள் வலைத்தளத்தில் பாருங்கள். போட்டோ நாலு, டிக்கெட் நகல், பாஸ்போர்ட் நகல் கொண்டுபோங்கள். பாஸ்போர்ட் நல்லபடியாக இருக்கும்போதே நகல் எடுத்து வையுங்கள். கடிதத்தில் நடந்ததை எழுதுங்கள்.

புதுப் பாஸ்போர்ட் போன வாரம் நாமக்கல் வீட்டுக்குத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கித் திரும்பினால், செல்வி குங்குமக் கிண்ணத்தோடு நிற்கிறாள். "ஏனுங், ஒரே ஒரு பொட்டுங்." கடைசியில் தபால் கவருக்கு ஒரு பொட்டு வைத்தோம். புதுப் புத்தகத்தையும், விசா இருக்கிற மூலை வெட்டிய பழையதையும் சேர்த்து அந்தக் கவரிலேயே போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். சித்திரை மாதத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. போனில் இனியாவிடம் சொன்னேன். "தாத்தா, நோ அயர்னிங், ஓகே?" என்றது.

டாலஸில் இறங்கும்போது அந்த ஊர் அதிகாரி இரண்டு புத்தகத்தையும் புரட்டுவார். மூலையை ஏன் வெட்டினார்கள் என்று கேட்பார். அவருக்கு என் லாரி இந்தி புரியாது. பேத்தியிடம் இப்போது ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியம் கற்றுக்கொண்டிருக்கிறேன்: நான் இஸ்திரி போட்டுவிட்டேன்.